சூடிக் கொடுத்த மாலையும் சயாமிய ஊஞ்சலும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வரும் சாலையில் அமைந்துள்ளது சுந்தரபாண்டியம். வயலும் கைத்தறியும் சேர்ந்து வாழ்விக்கும் இப்பேரூரை, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி மலைக்குச் செல்லும் அடியார்கள் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக் கடந்துவிடுகின்றனர். மலையை முதுகுப்புறம் விட்டுக் கிழக்கு நோக்கி வருபவருக்கு இருபுறமும் தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் தென்படுகின்றன. தெருக்களுக்குள் நடந்தால் சில வீடுகளிலிருந்து தறியின் ஓசை கேட்கிறது. நாடுகளுக்கிடையிலான உறவில் பண்பாடு எத்தகைய பங்கு வகிக்கிறது என்னும் கேள்வியை ஆராய இவ்வூரிலிருந்து புறப்படுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வூர் தாங்கியுள்ள பெயர் பாண்டிய வேந்தர் பலர் சூடிய பெயர். அப்பெயருடைய ஒருவன் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஓர் அரசனைப் போரில் பணியவைத்தவன். இங்கிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரின் பாட்டோ, அந்த அரசன் புறப்பட்டு வந்த மண்ணில் இன்றும் ஒரு சடங்கின் பெயராக நிலைத்திருக்கிறது. போரும் பாட்டும் ஒரே திசையை நோக்கிச் சென்ற வரலாற்றை இவ்வளவு அருகருகே காட்டும் நிலப்பகுதிகள் தமிழ்நாட்டில் மிகுதியாக இல்லை.

பண்பாட்டு அரசுறவு என்பது, ஓர் அரசோ அதன் ஆதரவு பெற்ற நிறுவனமோ, தன் மொழி, இலக்கியம், கலை, சமயம், கல்வி ஆகியவற்றைப் பிற நாட்டு மக்களிடம் கொண்டுசென்றும், அவர்களுடையவற்றைத் தன் மக்களிடம் கொண்டுவந்தும், படையாலும் பணத்தாலும் ஈட்ட முடியாத நம்பிக்கையை ஈட்ட முயலும் செயலாகும். இதனோடு நெருங்கிய மற்றொரு சொல் மென்சக்தி; அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990இல் பரவச் செய்த இச்சொல், அச்சுறுத்தாமலும் விலை கொடுக்காமலும், ஈர்ப்பினால் மட்டுமே பிற நாட்டாரைத் தன் விருப்பத்திற்கு இசையவைக்கும் ஆற்றலைக் குறிக்கிறது. பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸ் 1883இலும், பிரிட்டிஷ் கவுன்சில் 1934இலும், ஜெர்மனியின் கோத்தே நிறுவனம் 1951இலும் தோன்றின. விடுதலை பெற்ற இந்தியாவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950இல் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தை நிறுவினார். இத்தகைய நிறுவனங்களின் தோற்றத்தையே பண்பாட்டு அரசுறவின் தொடக்கமாகக் கொள்ளும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. அவை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கோயில்களும் வணிகக் குழுக்களும் பாடல்களும் இப்பணியைச் செய்துவந்தன என்பதைத் தென்பாண்டி நாட்டில் பயணம் செய்பவர் காணத் தவறமாட்டார்.

முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251இல் ஆட்சிக்கு வந்தான். அக்காலத்தில் மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில், இன்றைய தென்தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் நகரை மையமாகக் கொண்டு, தாம்பிரலிங்கம் என்னும் அரசு செழித்திருந்தது. அதன் மன்னன் சந்திரபானு 1247இல் இலங்கை மீது படையெடுத்து, பின்னர் அத்தீவின் வடபகுதியில் நிலைகொண்டான். பாண்டியர் அவனைப் பணியச் செய்து திறை பெற்றனர். அவன் மீண்டும் தலையெடுத்தபோது சடையவர்மன் வீர பாண்டியன் படைநடத்திச் சென்று அவனை வீழ்த்தினான். பாண்டியர் கல்வெட்டுகளில் சாவகன் என்று குறிக்கப்படும் மன்னன் இவனே என்பது ஆய்வாளர் கொள்கை. வென்றவர்களின் பெயர் கல்லிலும் ஊர்ப்பெயர்களிலும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அவ்வெற்றியால் பாண்டிய நாட்டுக்கும் தாம்பிரலிங்கத்துக்கும் இடையே நிலையான உறவு எதுவும் விளைந்ததாகத் தெரியவில்லை. சுந்தரபாண்டியத்தின் தெருக்களில் இன்று அப்போரைப் பற்றிக் கேட்டால் விடை சொல்வோரைக் காண்பது அரிது; நக்கோன் சி தம்மராட்டிலும் நிலை வேறாக இருக்கக் காரணமில்லை.

பாண்டியரின் வெளியுறவு போரோடு நின்றுவிடவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் சீனத்தை ஆண்ட குப்ளாய் கான், யாங் திங்பி என்னும் தூதரைக் கொல்லத்துக்கும், சீனர் மாபார் என்று அழைத்த பாண்டிய நாட்டுக்கும் அனுப்பினான். பாண்டிய நாட்டுத் தூதர்களும் சீன அரசவைக்குச் சென்றனர். இத்தூதுகள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1281இல், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுப்பித்து, அதனைக் கானின் நலத்துக்காகச் செய்ததாகத் தமிழிலேயே கல்லில் பொறித்துவைத்தார். அரசன் அனுப்பிய தூதர் தம் பணி முடிந்ததும் திரும்பிவிடுகிறார். அயல் மன்னனின் நலம் வேண்டி அவன் மண்ணிலேயே கோயில் எழுப்பிய வணிகரோ அங்கேயே தங்கி, இரு நாட்டுக்கும் பொதுவான ஒன்றை விட்டுச்செல்கிறார். சுந்தரபாண்டியத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து சேரும் பயணி அங்கே ஏறும் நெடுஞ்சாலை மதுரையிலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குச் செல்லும் சாலை என்பதையும், யாங் திங்பியின் கப்பல் வந்தடைந்த துறைமுகமே இச்சாலையின் மறுமுனை என்பதையும் நினைவில் கொண்டால், இந்த நிலப்பரப்பை உள்நாட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த பகுதியாகக் கருதும் வழக்கம் தானே மாறிவிடும்.

கிருஷ்ணன்கோவிலைக் கடந்து தென்மேற்காகச் செல்லும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் கோபுரம் தொலைவில் தெரியத் தொடங்குகிறது. பதினொரு நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்ட இக்கோபுரமே தமிழ்நாடு அரசின் இலச்சினையில் இடம்பெற்றுள்ளது என்பது பரவலான கருத்து. ஊரின் பெருமை கோபுரத்தோடு முடிவதில்லை; வடபத்திரசாயி கோயிலுக்கும் நாச்சியார் கோயிலுக்கும் இடையே பேணப்பட்டுவரும் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பதும், இறைவனுக்கென்று தொடுத்த மாலையைத் தானே சூடிப் பார்த்துக் கொடுத்த அக்குழந்தையே ஆண்டாள் என்பதும் வைணவ மரபு. தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆண்டாளின் காலத்தை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைப்பதே பெரும்பான்மை வழக்கு. பண்பாட்டு அரசுறவைப் பற்றிச் சிந்திப்பவருக்கு இத்தலத்தில் மிகவும் பயன்தரக் கூடியது, அம்மாலை இன்றும் செய்துவரும் பயணம்.

புரட்டாசி மாதத்தில் திருமலையில் பிரம்மோற்சவம், அதாவது கோயிலின் ஆண்டுப் பெருவிழா, நடைபெறும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலையும் கிளியும் பட்டும் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும் கருட சேவையன்று சாத்தப்படுகின்றன. சித்திரைத் திருவிழாவில் வைகையாற்றில் இறங்கும் கள்ளழகருக்கும் இங்கிருந்து மாலை செல்கிறது. கொடுப்பது மட்டும் இவ்வழக்கின் இயல்பாக இருந்திருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பங்குனியில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னார் எனப்படும் இறைவனுக்கும் திருக்கல்யாணம் நிகழும்போது திருமலையிலிருந்து பட்டு வருகிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குத் திருவரங்கத்திலிருந்தும் அழகர்கோயிலிலிருந்தும் வஸ்திரமும் மங்களப் பொருட்களும் வந்துசேர்கின்றன. இவை மரியாதை எனப்படுகின்றன. கோயில் வழக்கில் மரியாதை என்பது, ஒரு தலம் மற்றொரு தலத்தின் தகுதியை ஏற்று, அதற்கு அறிகுறியாகப் பொருளை அனுப்புவதையும், அனுப்பப்பட்டதை உரிய முறைப்படி எதிர்கொண்டு வாங்குவதையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாகும். மாலையைக் கொண்டுசெல்வோர் மாட வீதிகளில் வலம்வந்து புறப்படுவதும், சென்றடையும் இடத்தில் மேளதாளத்தோடு எதிர்கொள்ளப்படுவதும், அம்மாலை இறைவன் தோளில் ஏறும்வரை அதற்குரிய மதிப்புக் குறையாமல் பேணப்படுவதும் இரு நாடுகளின் தூதர்கள் கடைப்பிடிக்கும் நெறிமுறைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளும் சேர்ந்தே சமூகங்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன என்று நிறுவினார். பண்பாட்டு அரசுறவில் ஈடுபடும் இக்கால அரசுகள் பலவற்றுக்கு முதல் கடமையில் உள்ள ஆர்வம் மற்ற இரண்டிலும் இருப்பதில்லை. நடனக் குழுக்களை அனுப்பி, சிலைகளைத் திறந்து, மொழி வகுப்புகளைத் தொடங்கும் நாடுகள், எதிர்நாட்டின் கலையையும் மொழியையும் தம் மக்களிடம் அதே அளவு அக்கறையோடு கொண்டுவருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் மாலை அத்தகைய ஒருவழிப் பயணமாக இல்லாததாலேயே நிலைத்துள்ளது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோது திருமலை அம்மாநிலத்துக்குள் அமைந்தது. எல்லை குறித்தும் ஆற்றுநீர் குறித்தும் இரு மாநிலங்களுக்கிடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஆயினும் மாலை வடக்கே செல்வதும் பட்டு தெற்கே வருவதும் தொடர்கின்றன. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே நிகழ்வதைப் பன்னாட்டு உறவோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் கருதக்கூடும். ஆனால் மொழியும் நிர்வாகமும் மாறும் எல்லையொன்றை ஆண்டுதோறும் கடந்து, இருபுறமும் மதிப்புக் குறையாமல் ஏற்கப்படும் வழக்கம் எந்த அடிப்படையில் நிலைக்கிறது என்று அறிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

இவ்வூரின் கதை தெலுங்கு நாட்டுக்குச் சென்றதும் இத்தகைய ஏற்பினால்தான். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், தமது பேரிலக்கியமான ஆமுக்தமால்யதாவின் கருப்பொருளாக ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் தேர்ந்தெடுத்தார். தெலுங்கு, கன்னடம், தமிழ் வழங்கும் பெருநிலப்பரப்பை ஆண்ட பேரரசர் ஒருவர், தம் ஆட்சிக்குட்பட்ட தென்கோடியின் தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தெலுங்கு இலக்கியத்தின் தலைவியாக்கியது பக்தியின் விளைவு என்பதில் ஐயமில்லை. அரசியல் நுண்ணறிவும் அதில் உண்டு என்று கருதுவதற்கும் இடமிருக்கிறது. வென்றவர் தம் கடவுளையும் கதையையும் தோற்றவர்மீது திணிப்பதே வரலாற்றில் மிகுதியாகக் காணப்படுவது. வலியவர் எளியவரின் கதையை வாங்கிக்கொண்டு தம் மொழியில் பாடுவது அரிது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் செல்பவர், அந்நகரில் பல தலைமுறைகளாக வாழும் தெலுங்கு பேசும் ராஜு சமூகத்தார் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக இரு மொழியிலும் இயல்பாகப் புழங்குவதைக் கேட்கலாம்.  

கடலுக்கு அப்பால் இவ்வூரின் பாட்டு சென்றடைந்த இடத்தை அறிய, பயணத்தின் பார்வையை, முன்பு சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்குக்குத் திருப்ப வேண்டும். அந்நகரின் பழைய பகுதியில், வாட் சுதாட் என்னும் பௌத்தக் கோயிலின் முன்னே, செந்நிறத் தேக்குத் தூண்களால் ஆன மாபெரும் ஊஞ்சல் சட்டம் ஒன்று நிற்கிறது. முதலாம் ராமா மன்னர் 1784இல் நிறுவிய அவ்வூஞ்சலுக்கு அருகிலேயே, அதே ஆண்டில் அமைக்கப்பட்ட தேவஸ்தானம் உள்ளது. சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்கு மூன்று தனித்தனிக் கோயில்களைக் கொண்ட அவ்வளாகம் சயாமிய அரசவைப் பிராமணர்களின் தலைமையிடம். வெண்ணிற ஆடையும் முடிந்த குடுமியும் கொண்ட இப்பிராமணர்கள் தாய்லாந்து மொழி பேசுபவர்கள்; புத்தரையும் வணங்குபவர்கள்; அரசரின் முடிசூட்டு விழா முதல் ஏர் பூட்டும் விழா வரை அரசச் சடங்குகளை நடத்தும் பொறுப்பு வழிவழியாக இவர்களுக்கு உரியது. இவர்களுள் பலருடைய முன்னோர் நக்கோன் சி தம்மராட், பத்தலுங் ஆகிய தென்பகுதிகளிலிருந்து தலைநகருக்கு அழைக்கப்பட்டவர்கள் என்றும், அவர்களுடைய மூதாதையர் ராமேசுவரத்திலிருந்து வந்தவர்கள் என்றும் அவர்களின் மரபு சொல்கிறது. சந்திரபானு புறப்பட்டு வந்த அதே நக்கோன் சி தம்மராட்டில், பாங்காக்கில் உள்ளதைப் போன்ற ஊஞ்சல் சட்டமொன்று, சிவன் கோயிலுக்கு அருகே, சிறிய அளவில் இன்றும் நிற்கிறது.

மார்கழியும் தையும் தொட்டுநிற்கும் காலத்தில் தேவஸ்தானத்தில் திரியம்பவாய், திரிபவாய் என்னும் இரட்டை விழா நடைபெறுகிறது. சிவபெருமான் மண்ணுலகுக்கு எழுந்தருளிப் பத்து நாட்கள் தங்குவதாகவும், அவர் திரும்பும் வேளையில் திருமால் வந்து ஐந்து நாட்கள் தங்குவதாகவும் அவ்விழாவுக்குப் பொருள் கூறுவர். முன்னது திரியம்பவாய், பின்னது திரிபவாய். கைலாயத்தின் வாயிலைத் திறக்கும் ஓதுதலோடு தொடங்கும் இவ்விழாவில் நெற்பொரியும் கரும்பும் வாழைப்பழமும் கிழங்குகளும் படைக்கப்படுகின்றன. முற்காலத்தில், அரசரால் அமர்த்தப்பட்ட உயர் அலுவலர் ஒருவர் சிவபெருமானின் நிலையில் வீற்றிருக்க, இளைஞர்கள் அப்பெரிய ஊஞ்சலில் உயர எழும்பி ஆடி, கம்பத்தில் தொங்கும் பணப்பையைப் பற்களால் கவ்வி எடுப்பர். ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. கோயிலுக்குள் நிகழும் வழிபாடு தொடர்கிறது. பழைய தூண்கள் தளர்ந்தபோது, பிரே மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தேக்கு மரங்களால் புதிய ஊஞ்சல் எழுப்பப்பட்டு, 2007இல் பூமிபோல் மன்னர் தலைமையில் விழா எடுக்கப்பட்டது.

இவ்விரு பெயர்களும் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிந்த வடிவங்கள் என்பதே அறிஞர் பலரின் முடிபு. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது பாடல்களையும், ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாடல்களையும் கொண்டவை. ஆசிரியர் இருவரும் பாண்டிய நாட்டினர். கன்னிப் பெண்கள் மார்கழி மாதத்தில் விடியலில் எழுந்து, ஒருவரையொருவர் எழுப்பி, நீராடி நோற்கும் பாவை நோன்பே இரண்டுக்கும் களம். சைவத்துக்கு ஒன்றும் வைணவத்துக்கு ஒன்றுமாக, மார்கழியில் அடுத்தடுத்து ஓதப்படும் இவ்விணை கடலைக் கடந்தும் இணையாகவே சென்றிருக்கிறது. தமிழ்நாட்டில் சைவமும் வைணவமும் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலும், தொலைவிலுள்ள ஒரு பௌத்த அரசு இரண்டையும் ஒரே விழாவாக ஏற்றுப் போற்றியது பெரிதும் மனங்கொள்ளத் தக்கது.

இந்த உறவை ஆராய்ந்தோரின் பணி நன்றியோடு நினைக்கத் தக்கது. சயாமின் சூலாலங்கோன் மன்னர் 1888இல் எழுதிய பன்னிரு மாத அரசச் சடங்குகள் பற்றிய நூலில் இவ்விழாவை விரிவாக விளக்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தபோது தமிழ் கற்கத் தொடங்கிய சேவியர் தனிநாயகம் அடிகள், 1952இல் தாம் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் வழியாகத் தென்கிழக்காசியாவில் எஞ்சியுள்ள தமிழ்ச் சுவடுகளை உலக அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் தம் சொற்பொழிவுகளில் சயாமின் பாவை விழாவை எடுத்துக்காட்டி, தமிழ்நாட்டில் பாவைப் பாடல்களை ஓதும் வழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தார். நீலகண்ட சர்மா சயாமியப் பிராமணர்களின் சுவடிகளில் உள்ள வடமொழி, தமிழ்ப் பனுவல்களைத் தொகுத்துப் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் அதனை 1972இல் வெளியிட்டது. அச்சுவடிகளில் உள்ள தமிழ், பொருள் அறியாதவர்களால் பல தலைமுறைகள் ஒலியாகவே காக்கப்பட்டதால் பெரிதும் உருமாறியது. சைவத் திருமுறைப் பாடல்களுக்கு அதில் கிடைக்கும் சான்று வலிமையாகவும், திருப்பாவைக்குக் கிடைக்கும் சான்று பெரும்பாலும் விழாவின் பெயரளவிலும் உள்ளது. சயாமில் திருப்பாவை முப்பதும் அப்படியே பாடப்படுகின்றன என்று மேடைகளில் முழங்குவது இந்த நுட்பமான உறவுக்குச் செய்யும் நன்மையாகாது. இருப்பதே போதுமான அளவு பெரியது.

பெரியது என்பதற்குக் காரணம் வெளிப்படையானது. எந்தத் தமிழ் அரசும் இப்பாடல்களை ஒரு திட்டமாக வகுத்துச் சயாமுக்கு அனுப்பியதாகச் சான்று இல்லை. தென்தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்து நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதன் பாதுகாப்பை ஏற்ற மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். வணிகர் சென்றனர், குளம் தோண்டினர், கோயிலும் கோயிலுக்கு ஓதுவோரும் பின்தொடர்ந்தனர். அங்கிருந்த அரசர்கள் அவ்வோதுதலைத் தங்கள் அரசுரிமைக்கு உரிய மங்கலமாகத் தேர்ந்துகொண்டனர். ஆயுத்தயா வீழ்ந்து பாங்காக் எழுந்தபோதும், முழு முடியாட்சி 1932இல் மாறியபோதும் அவர்கள் அதைக் கைவிடவில்லை. பாடலின் பிறப்பிடம் தமிழ்நாடு என்றாலும், அதைக் காத்த பெருமை முழுவதும் தாய்லாந்துக்கு உரியது. பண்பாட்டு அரசுறவைப் பற்றி எழுதுவோர் அனுப்பும் நாட்டின் திறமையையே பெரிதும் அளவிடுகின்றனர். பெற்றுக்கொண்ட நாட்டின் விருப்பமும் உழைப்புமே ஓர் உறவை நூற்றாண்டுகள் கடந்து வாழவைக்கின்றன என்பதற்குத் தேவஸ்தானம் சான்றாக நிற்கிறது.

அரசு தானே முன்னின்று அனுப்பும் பண்பாட்டுக் கொடை எந்த விளிம்பு வரை செல்லக்கூடும் என்பதை இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டு காட்டுகிறது. மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் 1409இல் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹேயால் கொண்டுவரப்பட்ட அக்கல், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் இசுலாமிய மரபுக்குமாகப் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளை அறிவிக்கிறது. ஒரு தீவின் மூன்று சமயத்தாரையும் அவரவர் மொழியிலேயே அணுகிய அந்நுண்ணறிவு பாராட்டுக்குரியது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதே செங் ஹே இலங்கையின் ஆட்சியாளரைப் போரில் பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வரும்போது மக்கள் காணிக்கையை நம்புவதில்லை. அக்கல்லும் பிற்காலத்தில் வாய்க்கால் மூடியாகப் பயன்பட்ட நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டது.

இன்றைய இந்திய அரசு தாய்லாந்தோடு கொண்டுள்ள பண்பாட்டு உறவில் பௌத்தமே முதலிடம் பெறுகிறது. 2024இல் புத்தரின் திருவுடல் எச்சங்களும், அவருடைய சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் எச்சங்களும் இந்தியாவிலிருந்து தாய்லாந்துக்கு எடுத்துச்செல்லப்பட்டு மக்களின் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டபோது, பெருந்திரளான மக்கள் வரிசையில் நின்று வணங்கினர். அது நன்றே. ஆனால் சிலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குத் தாய்லாந்து மக்கள் நாள்தோறும் வந்து வணங்குவதும், தேவஸ்தானத்தில் பாவையின் பெயரால் விழா நடப்பதும் அரசுறவுத் திட்டங்களில் உரிய இடம் பெறவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்திய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2023இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பண்பாட்டு மையம், ஓர் அண்டை நாட்டின் தமிழ்ப் பகுதியில் இந்தியா செய்த பெரிய முதலீடுகளுள் ஒன்று. அதைப்போன்ற கட்டடம் எங்கும் தேவைப்படாத, ஏற்கெனவே வேர்கொண்டுவிட்ட உறவுகளுக்குச் சிறிதளவு கவனமும் சிறு தொகையும் போதும்.

தமிழ் ஆய்வையே பன்னாட்டு உறவின் ஊடகமாக மாற்ற முடியும் என்பதைத் தனிநாயகம் அடிகள் செய்துகாட்டினார். அவருடைய முயற்சியால் 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம், முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவதை 1968இல் சென்னையிலும், மூன்றாவதை 1970இல் பாரிசிலும் நடத்தியது. தமிழர் அல்லாத அறிஞர்கள் தமிழைத் தங்கள் ஆய்வுப்பொருளாக ஏற்று அங்கே கூடினர். 1974ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதியில், காவல்துறையின் தலையீட்டைத் தொடர்ந்து உயிர்கள் பறிபோனதும் இதே வரலாற்றின் பகுதிதான். பிற நாட்டு அறிஞரை வரவேற்கும் ஒரு விழாவைத் தன் குடிமக்களின் விழாவாகவும் ஏற்க அரசு மறுக்கும்போது, பண்பாடு தரக்கூடிய நம்பிக்கைக்கு நேர்மாறானது விளைகிறது. இலங்கை அந்த இழப்பிலிருந்து எளிதில் மீளவில்லை.

ராஜபாளையத்திலிருந்து மீண்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பயணி மார்கழியில் வந்தால், நாச்சியார் கோயிலில் எண்ணெய்க்காப்பு விழாவையும், விடியற்காலையில் தெருக்களில் பாவைப் பாடல் ஒலிப்பதையும் காணலாம். அக்காலத்தை ஒட்டியே பாங்காக்கின் தேவஸ்தானத்தில் கைலாய வாயில் திறக்கப்படுகிறது. இரு நகரத்தாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பெரிதும் அறியாமலேயே அடுத்தடுத்து இவ்விழாக்களைக் கொண்டாடுகின்றனர். தேவஸ்தானத்தின் ஓதுதல் முழுவதையும், அங்குள்ள பிராமணர்களின் இசைவோடும் வழிகாட்டுதலோடும், ஒலிப்பதிவு செய்து, சுவடிகளோடு ஒப்பிட்டு, தமிழிலும் தாய்லாந்து மொழியிலும் விளக்கவுரையோடு வெளியிடும் பணியைத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகமொன்று ஏற்க வேண்டும். தாய்லாந்து மொழியையும் இலக்கியத்தையும் தமிழ் மாணவர்கள் கற்க வாய்ப்பளிக்கும் இருக்கை ஒன்று அதோடு சேர்ந்தே அமைய வேண்டும்; இல்லையேல் அதுவும் ஒருவழிக் கொடையாகிவிடும். மாலை அனுப்பி, பட்டு பெற்று, மரியாதையின் முறையை இவ்வளவு காலம் பிழையாது காத்துவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, தன் பாட்டின் பெயரைக் காத்துவரும் தேவஸ்தானத்தாரை உரிய மரியாதையோடு ஆடிப்பூரத்துக்கு அழைக்கும் தகுதி நிறைந்திருக்கிறது. அந்த அழைப்பை அனுப்ப இவ்வட்டாரத்து மக்களும் கோயிலாரும் அரசும் முன்வர வேண்டும்.